உப்பின் பின்னே போகும் நீர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேசையில் இரண்டு பாத்திரங்கள் வைத்திருக்கிறேன். இடப்பக்கச் சொம்பில் இருப்பது வெறும் குடிநீர். வலப்பக்கம் இருக்கும் எவர்சில்வர் குடத்தில் ஐந்து லிட்டர் தண்ணீரில் வாய்வழி நீரேற்றும் உப்பு, அதாவது ஓ.ஆர்.எஸ்., பொட்டலங்கள் ஐந்தைக் கரைத்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத்தான் இந்த ஒரு மணி நேரம். குடத்தைக் கடைசியில் திறப்போம். முதலில் சொம்பு.

இந்தத் தம்ளர் தண்ணீரை இப்போது குடிக்கிறேன். தாகம் அடங்கிவிட்டது. ஆனால் குடித்த நீரில் பெரும்பகுதி இன்னும் என் இரத்தத்தைச் சேரவில்லை. வாயும் தொண்டையும் இரைப்பையும் அனுப்பிய செய்தியை நம்பி, நீர் வந்துவிடும் என்று மூளை முன்கூட்டியே தாகத்தைத் தணித்துவிடுகிறது. உடல் நமக்குக் கடன் கொடுத்திருக்கிறது. அந்தக் கடனை அடைக்கும் இடம் சிறுகுடல். இரைப்பை நீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. அது பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்பும் மதகுதான். குடித்த சில நிமிடங்களில் முதல் துளிகள் இரத்தத்தில் சேரத் தொடங்கும். முழுத் தம்ளரும் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகலாம்.

சிறுகுடலுக்கு ஒரு நாளில் எவ்வளவு நீர் வந்து சேர்கிறது? மாணவர்களைக் கேட்டால் குடிக்கிற அளவைச் சொல்வார்கள்: இரண்டு லிட்டர். உண்மையில் வருவது ஒன்பது லிட்டர். மீதி ஏழு லிட்டரையும் உடலே ஊற்றுகிறது. உமிழ்நீர் ஒன்றரை லிட்டர், இரைப்பை நீர் இரண்டு, பித்தநீர் அரை, கணையநீர் ஒன்றரை, குடல் தானே சுரப்பது ஒன்றரை. சோற்றைக் கரைத்துச் செரிக்க இவ்வளவு நீரை உள்ளே விட்டு, வேலை முடிந்ததும் ஏறக்குறைய முழுவதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஏழெட்டு லிட்டரைச் சிறுகுடலும், ஒன்று ஒன்றரை லிட்டரைப் பெருங்குடலும் எடுக்கின்றன. மலத்தோடு வெளியேறுவது நூறு, இருநூறு மில்லிலிட்டர்.

நம் உடம்பில் ஓடும் இரத்தமே ஐந்து லிட்டர்தான். ஒவ்வொரு நாளும் அதைவிடக் கூடுதலான நீரைக் குடலுக்குள் இறக்கி ஏற்றுகிறோம். இறக்குவது ஓடிக்கொண்டே இருந்து, ஏற்றுவது மட்டும் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாந்திபேதியில் ஒரு மனிதர் சில மணி நேரத்தில் கன்னம் ஒட்டி, கண் குழிந்து, கைவிரல் நுனி சுருங்கிப் போவதன் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இப்போது இன்றைய பேச்சின் நடுப்பொருளுக்கு வருகிறேன். நீரை இரத்தத்துக்குள் இழுத்துவிடும் இயந்திரம் எதுவும் குடலில் கிடையாது. சோடியத்துக்கு உண்டு, குளுக்கோசுக்கு உண்டு, அமினோ அமிலங்களுக்கு உண்டு. நீருக்கு மட்டும் இல்லை. உப்பு எங்கே போகிறதோ, அதன் பின்னாலேயே நீரும் போகும். ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்பைப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் நிற்கிறதே, அங்கே நடப்பது எதுவோ அதுவே குடற்சுவரிலும் நடக்கிறது. உப்பு இருக்கும் பக்கம் நீர் நகர்கிறது.

சிறுகுடலின் உட்புறம் முழுக்க ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட எட்டாத விரல் போன்ற நீட்சிகள் இருக்கின்றன. குடலுறிஞ்சிகள் என்று பாடநூல்கள் சொல்லும். விரித்துப் போட்டால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து, முழு உணவுப் பாதையும் சேர்ந்தே முப்பது சதுர மீட்டர் சொச்சம்தான், அரை பேட்மிண்டன் மைதானம்தான் என்று காட்டினார்கள். என்னிடம் படித்தவர்கள் இந்த அவையில் சிலர் இருக்கிறீர்கள், திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த விரல்களைப் போர்த்தியிருக்கும் செல்களுக்கு இரண்டு முகங்கள். ஒன்று குடலின் உட்பக்கம் பார்க்கிறது, மற்றொன்று இரத்தப் பக்கம். இரத்தப் பக்க முகத்தில் ஒரு விசைப்பம்பு ஓயாமல் வேலை செய்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. இதை 1957இல் கண்டு சொன்ன டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவுக்கு 1997இல் நோபெல் பரிசு கிடைத்தது. பம்பு ஓடுவதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. ஆகவே குடலில் இருக்கும் சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது. வாசல்தான் வேண்டும்.

வாசல்கள் பல. அவற்றில் ஒன்றுக்கு விசித்திரமான விதி. சோடியம் தனியாக வந்தால் திறக்காது, குளுக்கோசும் தனியாக வந்தால் திறக்காது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் அந்தப் புரதம் மறுபக்கம் திரும்பி மூன்றையும் உள்ளே இறக்கிவிடும். 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலர் இந்தச் சேர்க்கையை முதலில் வரைந்து காட்டினார். உள்ளே வந்த சோடியத்தைப் பம்பு இரத்தப் பக்கம் தள்ளும். குளுக்கோஸ் வேறு வழியாக அதே பக்கம் இறங்கும். அங்கே செறிவு கூடும். செல்களின் இடுக்கு வழியாகவும் செல்களின் ஊடாகவும் நீர் பின்தொடரும். சர்க்கரை உப்பைக் கூட்டி வருகிறது, உப்பு நீரைக் கூட்டி வருகிறது. இவ்வளவுதான் விஷயம்.

இந்த வாசல் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. மிக அரிது. தாய்ப்பால் குடித்த உடனே பேதி கண்டு வற்றிப்போவார்கள், ஏனென்றால் பாலிலுள்ள சர்க்கரை உடைந்து வரும் குளுக்கோசும் காலக்டோசும் உள்ளே போக அந்த ஒரே வாசல்தான். அவற்றை நிறுத்தி, வேறு வாசலில் நுழையும் ஃப்ரக்டோஸ் கலந்த உணவைக் கொடுத்தால் அதே குழந்தை தேறிவிடும். ஒரே ஒரு புரதம் ஓர் உயிரைத் தாங்கி நிற்பதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இனி காலராவைப் பார்ப்போம். கிருமி குடலைத் தின்று ஓட்டையாக்குகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அப்படியானால் வாய்வழி எதைக் கொடுத்தும் பயனில்லை. இந்த எண்ணத்தை உடைத்தவர் கொல்கத்தாவின் சம்பு நாத் தே. பெரிய ஆய்வுக்கூடம் இல்லை, பெரிய நிதி இல்லை. முயலின் குடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, கிருமிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் அதற்குள் செலுத்தினார். கட்டிய துண்டு நீர் கோத்துப் புடைத்தது. கிருமி இல்லாமலேயே பேதி. அப்படியென்றால் வேலை செய்வது அது கக்கும் ஒரு நஞ்சு. 1959இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். உயிரோடு இருந்தவரை அவருக்கு உரிய சிறப்பு இந்த நாட்டில் கிடைக்கவில்லை என்பது என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும் விஷயம்.

நஞ்சு என்ன செய்கிறது? செல்லின் குளோரைடு மதகைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, பின்னால் சோடியம், அதன் பின்னால் நீர். மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம். போவது மலமாகவே இருக்காது, அரிசி கழுவிய நீர்போல இருக்கும். சோடியம் வழக்கமாக உள்ளே வரும் வேறு பாதைகளையும் நஞ்சு அடைத்துவிடுகிறது. ஆனால் குளுக்கோசோடு சேர்ந்து வரும் அந்த வாசலை அது தொடுவதில்லை. குடற்சுவர் இடிந்துவிழவும் இல்லை. வீடு வெள்ளத்தில் மூழ்கும்போதும் ஒரு கதவு சரியாக வேலை செய்துகொண்டே இருக்கிறது. யாராவது போய்த் தட்ட வேண்டும், அவ்வளவே.

தட்டியவர்கள் பலர். கொல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி, கிரேனின் விளக்கம் வருவதற்கு ஏழாண்டு முன்பே, 1953இல், உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து 186 காலரா நோயாளிகளைத் தேற்றியதை ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஏன் பலித்தது என்று சொல்ல அறிவியல் அப்போது இல்லை, உலகம் கவனிக்கவில்லை. அறுபதுகளில் தைப்பேயில் ராபர்ட் பிலிப்ஸும், பின்னர் டாக்காவில் ஹிர்ஷ்ஹார்ன், நாலின், கேஷ் ஆகியோரும், கொல்கத்தாவில் பியர்சும் அளந்து அளந்து உறுதிசெய்தார்கள். 1968இல் நாலினும் கேஷும் காட்டியது எளிமையான உண்மை: வெளியே போகிற அளவை அளந்து, அதே அளவு உள்ளே கொடுங்கள்.

இவையெல்லாம் ஆய்வு வார்டில் நடந்தவை. வெளியே கொண்டுபோனது 1971.

கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். மழைக்காலம். எல்லையோரம் போங்காவ் என்னும் ஊர். அங்கே இருந்த மருத்துவமனையில் காலராவுக்கென இரண்டு அறைகள், பதினாறு படுக்கைகள். தரையெல்லாம் நோயாளிகள், அவர்களைச் சுற்றித் தேங்கிய பேதியும் வாந்தியும். அதில் மண்டியிட்டுத்தான் ஊசி குத்த வேண்டியிருந்தது. அந்த வார்டுக்கு வந்தவர் திலீப் மஹலனோபிஸ். குழந்தை மருத்துவர், கொல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் வேலை செய்தவர். நரம்பில் ஏற்றும் உப்புநீர் சில நாளில் தீர்ந்துவிட்டது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. அவர் ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம். கொல்கத்தாவில் ஒரு நூலக அறையில் நிறுத்துப் போட்டு, பிளாஸ்டிக் பைகளை இஸ்திரிப்பெட்டியால் ஒட்டி, போங்காவுக்கு அனுப்பினார்கள். பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். தாயோ அண்ணனோ பாட்டியோ, கூட வந்தவர்கள் கோப்பையில் பிடித்துக் கொடுத்தார்கள். மக்கள் நம்ப வேண்டும் என்பதற்காக அதற்கு ‘வாய்வழி சலைன்’ என்று பெயர் சொன்னார்கள்.

அகதி முகாம்களில் அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். அவர் பார்த்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில் இறந்தவர்கள் 3.6 விழுக்காடு. கட்டுரையை இதழ்கள் எளிதில் ஏற்கவில்லை, 1973இல்தான் அச்சானது. உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா போங்காவுக்கே போய்ப் பார்த்து நம்பினார்; பிறகு உலகம் முழுக்க இதைக் கொண்டுபோக உழைத்தார். மஹலனோபிஸ் 2022இல் மறைந்தார். பத்ம விபூஷண் விருது அடுத்த ஆண்டு வந்தது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு கைக்குழந்தை வந்தது; எட்டு கிலோ. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் சமமானது. அழுதான், கண்ணீர் வரவில்லை. ஆனால் தம்ளரைக் காட்டினால் தாவினான். கூட வந்த ஆயா முந்தின நாளிலிருந்து தண்ணீரே கொடுக்கவில்லை. “குடுத்தா இன்னும் போவுது தம்பி, அதான் நிறுத்திட்டேன்” என்றார். நான் நரம்பு தேடினேன். ஒரு கை, மறு கை, கால். மூன்று இடத்தில் குத்தியும் கிடைக்கவில்லை. மூத்த செவிலியர் ஒருவர் வந்து, “டாக்டர், குடிக்கிற பிள்ளைய ஏன் குத்துறீங்க? நாலு மணி நேரம் எங்கிட்ட விடுங்க” என்றார். ஆயாவுக்குக் கோபம். “வெறும் உப்புத்தண்ணியக் குடுத்து அனுப்பிடாதீங்க, குளுக்கோஸ் ஏத்திவிடுங்க தம்பி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

செவிலியர் ஒரு தம்ளரும் தேக்கரண்டியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. கிலோவுக்கு 75 மில்லிலிட்டர் வீதம் எட்டு கிலோவுக்கு 600, நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும், மணிக்கு 150, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஐந்து மில்லிலிட்டர், சரியாக ஒரு தேக்கரண்டி. அந்தக் கணக்கை நான் தாளில் போட்டுத்தான் புரிந்துகொண்டேன். அவர் கையில் அது இருந்தது. இடையில் ஒருமுறை வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் நிறுத்தினார், பிறகு இன்னும் மெதுவாகத் தொடர்ந்தார். பதினோரு மணிக்குக் கரண்டியை ஆயாவின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். ஒரு மணிக்கு ஆயாவின் மடி நனைந்தது. “மூத்திரம் போயிட்டான், மூத்திரம் போயிட்டான்” என்று அவர் வார்டையே எழுப்பிவிட்டார். சிறுநீரகம் செலவழிக்கத் துணியும் அளவுக்கு நீர் வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடையாது.

மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கும், அதிர்ச்சி நிலைக்குப் போனவருக்கும் நரம்பு வழிதான் வேண்டும். அதில் ஐயமே இல்லை. குடிக்கக்கூடிய குழந்தையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

நம் வீட்டுக் கஞ்சியைப் பற்றிக் கேட்பீர்கள். உப்புப் போட்ட நொய்க்கஞ்சி இந்த அறிவியலுக்கு நெருங்கிய உறவு. அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோசாகப் பிரிகிறது. அதோடு உப்பும் இருந்தால் அதே வாசல் திறக்கும். எண்பதுகளில் டாக்காவில் அரிசி மாவுக் கரைசலைச் சோதித்தார்கள். காலரா நோயாளிகளுக்கு அது பழைய குளுக்கோஸ் கரைசலைவிட நன்றாகவே வேலை செய்தது. போகும் அளவு முதல் நாளிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உப்பில்லாக் கஞ்சிக்கு இந்தப் பலன் வராது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் இன்னொரு அடி முன்னே போனார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தார்கள். அது பெருங்குடல் வரை போகும், அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்கும், பெருங்குடல் அவற்றை எடுக்கும்போது சோடியத்தையும் நீரையும் சேர்த்து எடுக்கும். சிறுகுடல் திணறும்போது அடுத்த வீட்டாரை உதவிக்கு அழைப்பது போன்றது. காலரா நோயாளிகளுக்குப் பேதி நீடித்த நேரம் குறைந்தது. இந்த ஆய்வு 2000இல் அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து’ மருத்துவ இதழில் வந்தது. பெருங்குடல் தேவைப்பட்டால் நாளுக்கு நான்கைந்து லிட்டர் எடுக்கவல்லது என்பதை நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன்.

பொட்டலம் எட்டாத ஊரில் என்ன செய்வது? வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்னும் தொண்டு அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போனது. மூவிரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்குப் பெண் ஊழியர்கள் எதிரில் உட்கார்ந்து செய்து காட்டினார்கள், அவர்களையும் செய்ய வைத்தார்கள். சில வாரம் கழித்து வேறொருவர் போய்த் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே ஊழியருக்குச் சம்பளம். போனேன், சொன்னேன் என்றால் காசு இல்லை. அவள் கற்றுக்கொண்டாளா என்பதே கேள்வி. ஆசிரியர்கள் நிறைந்த இந்த அவையில் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

அளவு முக்கியம். 2002இல் அறிவிக்கப்பட்டு இன்று நாம் பயன்படுத்தும் கலவையில் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, ஆக 20.5 கிராம். பழைய கலவையைவிட உப்பும் சர்க்கரையும் குறைவு. மொத்தச் செறிவு லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோலிலிருந்து 245ஆக இறங்கியது. இரத்தத்தின் செறிவு 290 அளவில் இருப்பதால், அதைவிடக் கொஞ்சம் நீர்த்த கரைசலிலிருந்து நீர் எளிதாக இரத்தப் பக்கம் போகும். இந்தச் சிறு மாற்றத்தால் குழந்தைகளுக்கு நரம்பில் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சர்க்கரை மிகுந்தால் இது தலைகீழாகும்: குடல் உறிஞ்ச முடியாத சர்க்கரை இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும், பேதி கூடும். ஓ.ஆர்.எஸ். என்று அட்டையில் அச்சிட்டு மருந்துக்கடையில் அடுக்கியிருந்த தித்திப்புப் பானங்களைத் தாய்மார்கள் நம்பி வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அவற்றில் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. மிகத் தாமதம். வெறும் தண்ணீரை மட்டுமே கொடுத்துக்கொண்டிருப்பதும் ஆபத்து; உப்பு வெளியே போய்க்கொண்டிருக்க, இரத்தம் நீர்த்துப்போய் வலிப்பு வரலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பேதி கண்ட குழந்தைகளில் சுமார் 60 விழுக்காட்டினருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. ஏன்? கர்நாடகத்திலும் பீகாரிலும் ஆராய்ந்து 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியவர்கள் ஒரு விடை சொல்கிறார்கள். மருந்து தீர்ந்துபோனது சிறிய காரணம். இதைவிட வேறு மருந்து விற்றால் கிடைக்கும் லாபமும் பெரிய காரணம் இல்லை. நோயாளி இதை விரும்ப மாட்டார் என்று மருத்துவர் தானாகவே எண்ணிக்கொள்வதுதான் முதற்காரணம். நேரில் கேட்டு வந்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அந்த ஆயா என் கையைப் பிடித்துக் கேட்டதைத்தான் எல்லோரும் கேட்பார்கள் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். ஒரு மணிக்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பதை மறந்துவிட்டோம்.

செவிலியர் கல்லூரி மாணவியரே, வீட்டில் கரைக்கும்போது கவனியுங்கள். பொட்டலம் முழுவதையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் நீரில் போடுங்கள். பாதி பாதியாகப் பிரிக்காதீர்கள், பொருள்கள் சமமாகப் பிரியாது. லிட்டர் பாட்டில் இல்லாத வீட்டில் எந்தச் சொம்பு எத்தனை தம்ளர் கொள்ளும் என்று முதலில் அளந்து காட்டுங்கள். ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாளும் கொடுக்கச் சொல்லுங்கள், பேதி மூன்றாம் நாளே நின்றாலும். கரைத்ததைப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் தாயை ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணீரைவிட அதிகம் கரித்தால் அளவு தப்பியிருக்கிறது.

இனி குடத்தைத் திறக்கலாம். காகிதக் கோப்பைகள் வாசல் பக்கம் இருக்கின்றன. இரண்டு பேர் எழுந்து வந்து முன்வரிசையிலிருந்து ஊற்றிக்கொண்டு வாருங்கள். எல்லோரும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.